பழைய படத்து அழகும் தையல் மேசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் நாட்டிய உடைகளும் நாடக உடைகளும் தைக்கிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமிருந்தும் வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் இயந்திரத்தில் உட்காரும் முன்பே பழைய படங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எனக்கும் அதைப் பேசுவதில்தான் ஆசை அதிகம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

அக்கா, பழைய படங்களில் இருக்கிற அந்த அழகு இப்போது ஏன் வருவதில்லை? அந்தத் துணியெல்லாம் கிடைக்காதா?

துணி கிடைக்கிறது. அன்றைக்குக் கிடைத்ததைவிட அதிகமாகவே கிடைக்கிறது. நீங்கள் திரையில் பார்க்கிற அழகில் துணிக்கு ஒரு பங்குதான், பெரிய பங்கு வெளிச்சத்துக்கு, அடுத்தது வெட்டுக்கு.

1945இல் வந்த ‘மீரா’ படத்தை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார், ஒளிப்பதிவு ஜிதன் பானர்ஜி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மார்பளவுச் சிலையாகச் செய்யவைத்து, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுந்தால் அந்த முகம் எப்படித் தெரியும் என்று சிலையை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நடிகை அரங்கத்துக்குள் வருவதற்கு முன்பே அவருடைய அழகுக்கான வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதே காலத்தில் ஹாலிவுட்டில் மார்லின் டீட்ரிக்குக்கு முகத்துக்கு நேராக, உயரத்திலிருந்து ஒரே விளக்கு போடுவார்கள். மூக்குக்குக் கீழே சின்ன நிழல் விழும், கன்னத்தின் ஓரம் இருண்டு எலும்பு தூக்கித் தெரியும். லென்சுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைக் கட்டித் தோலை மென்மையாகக் காட்டுவதும் உண்டு. ஜார்ஜ் ஹரெல் எடுத்த நட்சத்திரப் புகைப்படங்களில் நெகட்டிவின் மேலேயே பென்சிலால் திருத்தி முகச்சுருக்கங்களை மறைத்தார்கள்.

உடையைத் தைக்கிறவருக்கும் இதெல்லாம் தெரிந்திருந்தது. வெளிச்சம் மேலிருந்து வரும் என்றால் கழுத்து ஓரத்திலும் தோளிலும் ஜிகினா வேலை வைப்பார்கள், இடுப்புக்குக் கீழே மடிப்புகளை ஆழமாக விடுவார்கள், மடிப்புக்குள் நிழல் தங்கும். நமக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், நடிகையின் முகத்தை விட்டுவிட்டு உடையில் எங்கே பளிச்சென்று இருக்கிறது, எங்கே இருட்டாக இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். என்னிடம் வருகிற எல்லாருக்கும் நான் கொடுக்கிற முதல் வேலை இதுதான்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கட்டிய புடவைகள் உண்மையில் என்ன நிறம்?

எந்த நிறமாகவும் இருந்திருக்கலாம், கேமராவுக்கு அது எந்தச் சாம்பலாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. மௌனப்பட காலத்துப் பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பெல்லாம் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். 1920களின் கடைசியில் எல்லா நிறங்களையும் ஓரளவு சரியாக வாங்குகிற ஃபிலிம் பரவலான பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. அப்போதும் சுத்த வெள்ளையைத் தவிர்த்தார்கள். அது விளக்கில் கூசி, துணியின் மடிப்பே தெரியாமல் போய்விடும். அதனால் வெள்ளையாகத் தெரிய வேண்டிய உடையைக் கொஞ்சம் பழுப்பாகவோ சாம்பலாகவோ சாயம் போட்டுத் தைத்தார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு, அரக்கு உடலும் கரும்பச்சைக் கரையும் உள்ள ஒரு பட்டுப்புடவையைப் பாருங்கள். நேரில் எடுப்பாக இருக்கிற கரை காணாமல் போய்விடும், இரண்டும் ஒரே சாம்பல். அடர்ந்த நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம், பளபளப்புக்குப் பக்கத்தில் மங்கல் என்று யோசித்தால்தான் கறுப்பு வெள்ளையில் உடை பேசும். 1958இல் வந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியாக ஆடுகிற பாட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். நிறம் என்ற ஒன்றே இல்லாமல் எவ்வளவு செய்திருக்கிறார்கள்!

வண்ணப்படம் வந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது இல்லையா?

இன்னும் கஷ்டமானது. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. 1958இல் ‘நாடோடி மன்ன’னில் பிற்பகுதி மட்டும் வண்ணம். 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ ஈஸ்ட்மென் கலரில் வந்தபோது உடைகளின் நிறமே படத்தின் குஷியில் பாதியைத் தூக்கிக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு வகை ஃபிலிமும் நிறத்தை ஒவ்வொரு விதமாக வாங்கும், கடையில் பார்த்த நிறம் திரைக்கு வராது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’. மூலக்கதையில் கதாநாயகியான சிறுமியின் காலணி வெள்ளி நிறம். டெக்னிகலரில் எடுக்கிறோம், மஞ்சள் செங்கல் பாதையின் மேல் வெள்ளி எடுபடாது என்று மாணிக்கச் சிவப்பாக மாற்றினார்கள். அதையும் பளிச்சென்ற சிவப்பில் செய்யவில்லை, நேரில் பார்த்தால் கருஞ்சிவப்பு. அந்த விளக்குகளிலும் அந்த ஃபிலிமிலும் கருஞ்சிவப்பு போனால்தான் திரையில் மாணிக்கமாக ஒளிரும். அந்த உடைகளை வடிவமைத்த ஏட்ரியன், கண்ணுக்கு முன்னால் இருக்கிற துணியைப் பார்க்கும்போதே திரையில் அது என்னவாகும் என்றும் பார்த்திருக்கிறார். நம் ஊர் மேடைக்கும் இதேதான். எல்இடி விளக்கில் ராணி நிறம் ஒரு மாதிரி, டியூப் லைட்டில் வேறு மாதிரி, மணக்குள விநாயகர் கோவில் பக்கம் சாயங்கால வெளிச்சத்தில் முற்றிலும் வேறு. துணிக் கடையில் துணியை வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கிற பெரியவர்களைக் கேலி செய்யாதீர்கள், அவர்கள் செய்வது சரி.

அந்தக் கால புஃப் கை ஜாக்கெட் தைத்தால் இரண்டு தடவை துவைத்ததும் தொங்கிவிடுகிறது. ஏன்?

மூன்று காரணங்கள், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது துணி. ஜார்ஜெட்டிலும் ஷிஃபானிலும் புஃப் நிற்காது. டூ பை டூ ரூபியா, பருத்தி, கொஞ்சம் விறைப்பான பட்டு, ஆர்கன்சா இவை நிற்கும்.

இரண்டாவது வெட்டு. பலர் சாதாரணக் கையை அகலமாக வெட்டி, மேலே சுருக்கம் பிடித்துவிடுகிறார்கள். அகலம் மட்டும் கூடினால் புஃப் பக்கவாட்டில் பரவும், உயரம் வராது. காகிதத்தில் கையை வரைந்து, மேலிருந்து கீழாகக் கீறி, மேல்பக்கம் மட்டும் இரண்டு மூன்று அங்குலம் விரியும்படி ஒட்டி, வளைவின் உச்சியையும் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் உயர்த்தி வரைய வேண்டும். சுருக்கம் தோள் தையலுக்கு இரண்டு பக்கமும் மூன்று அங்குலத்துக்குள் முடிய வேண்டும், அக்குள் வரை போனால் கை தூக்கும்போது மூட்டை கட்டின மாதிரி இருக்கும். அப்புறம் முக்கியமானது: தோள் அகலத்தில் அரை அங்குலம் குறையுங்கள். புஃப் தோள் எலும்பின் மேலே உட்கார வேண்டும், அதைத் தாண்டி வெளியே உட்கார்ந்தால் எடை தாங்காமல் விழுந்துவிடும்.

மூன்றாவது உள்ளே இருக்க வேண்டிய தாங்கல். விறைப்பான நெட்டிலோ ஆர்கன்சாவிலோ இரண்டு அங்குலப் பட்டி எடுத்து, அதையும் சுருக்கி, உள்பக்கம் தோள் தையலோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். வெளியே தெரியாது, குத்தினால் மேலே ‘வாயில்’ என்கிற மெல்லிய பருத்தித் துணி போடுங்கள்.

பழைய பட உடைகளின் ரகசியமே இந்த உள்வேலைதான். 1946இல் ‘கில்டா’வில் ரீட்டா ஹேவொர்த் தோள்பட்டியே இல்லாத கறுப்புச் சாட்டின் உடையில் ஆடுகிறார், அது எப்படி நழுவாமல் நின்றது என்று உலகமே கேட்டது. வடிவமைத்தவர் ழான் லூயி. உடைக்குள் முன்பக்கம் மூன்று விறைப்பான பட்டைகளை நிறுத்தியிருந்தார், மேல் ஓரத்துக்குள்ளும் உடலுக்கேற்ப வளைத்த ஒரு சட்டம் இருந்தது. பார்க்கிறவருக்கு ஒரு துணி சும்மா உடலில் ஒட்டியிருக்கிற மாதிரித் தெரிந்தது, உள்ளே ஒரு கட்டடமே இருந்தது. உள்பக்கத்தைப் பொறுமையாகத் தைக்கிறவரிடம் மட்டும் உங்கள் நல்ல துணியைக் கொடுங்கள்.

1930களின் வெள்ளைச் சாட்டின் கவுன்கள் உடம்பில் அப்படி வழிகின்றனவே, அது எப்படி?

கிராஸ் வெட்டு. துணியை நேர் இழையில் வெட்டாமல் 45 பாகையில் சாய்த்து வெட்டினால் இழுத்தால் கொடுக்கும், உடலோடு போகும். பாரிஸில் மதலேன் வியோனே இதைப் பெரிய கலையாக வளர்த்தார், ஹாலிவுட் எடுத்துக்கொண்டது. நீங்கள் முயல்வதானால் வெட்டித் தைத்த பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, அப்புறம்தான் கீழ் ஓரத்தை மடித்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே போகும். துணி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிடிக்கும், அதைச் சொன்னதும் பலர் ஆசையை விட்டுவிடுகிறார்கள்.

நம் படங்களின் உடையெல்லாம் ஹாலிவுட்டைப் பார்த்து எடுத்ததுதானே?

கொஞ்சம் எடுத்தோம், மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய 1931இல் அதன் உடைப்பெட்டி நாடகக் கொட்டகையிலிருந்துதான் வந்தது. நாடகத்துக்கும் முந்தியது தெருக்கூத்து, அது நம் பக்கத்துச் சொத்து.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற எடையில்லாத மரத்தில் செதுக்கி, மேலே வண்ணத்தாளும் ஜிகினாவும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியவை. ஏன் கண்ணாடி? அந்தக் காலத்தில் தீப்பந்தம், அப்புறம் பெட்ரோமாக்ஸ். இருக்கிற கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். துரியோதனன் சுற்றி ஆடும்போது அந்தக் கண்ணாடிகள் மின்னுவதும், 1948இல் ஜெமினி ஸ்டுடியோவின் ‘சந்திரலேகா’வில் முரசுகளின் மேல் ஆடுகிறவர்களின் உடை மின்னுவதும் ஒரே அறிவிலிருந்து வந்தவை. ராத்திரி எட்டு மணி நேரம் ஆட வேண்டும், அதனால் எடை இருக்கக் கூடாது, தூரத்திலிருந்து பெரியதாகத் தெரிய வேண்டும். இதற்கு மேல் உடை வடிவமைப்பில் என்ன பாடம் இருக்கிறது?

நாடகத்துக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவைப் பலர் மறந்துவிட்டார்கள். நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இங்கேதான் காலமானார், கருவடிக்குப்பத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவர் வளர்த்த, சிறுவர்களே நடிக்கிற பாய்ஸ் கம்பெனி மரபில் வந்தவர்கள்தான் பின்னால் திரையை நிரப்பினார்கள். புதுச்சேரி அரசு நடத்துகிற திரைப்பட விழாவின் விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒருமுறை கருவடிக்குப்பம் போய்வாருங்கள்.

பானு அதையா என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அவர் யார்?

இந்தியாவுக்கு முதல் ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தவர். 1929இல் கோலாப்பூரில் பிறந்தார். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் படித்துவிட்டு, பத்திரிகைக்கு உடைகளை வரைந்து கொடுத்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். ‘காந்தி’ படத்துக்காக 1983இல் ஜான் மொல்லோவோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். கோட்டு போட்ட இளம் வழக்கறிஞரிலிருந்து ஒற்றை வேட்டிக்கு வந்துசேர்கிற வரை ஒரு மனிதரின் வாழ்க்கையை உடையாலேயே சொல்ல வேண்டும், அத்தோடு ஆயிரக்கணக்கான கூட்டத்துக்கும் காலத்துக்கு ஏற்ற உடை வேண்டும். பளபளப்பே இல்லாத வேலைக்குக் கிடைத்த ஆஸ்கர் அது, அதனாலேயே எனக்கு அவர் மேல் இன்னும் மரியாதை.

பளபளப்பும் அவருக்குக் கைவந்தது. 1968இல் ‘பிரம்மச்சாரி’ இந்திப் படத்தில் மும்தாஜ் ஆரஞ்சுப் புடவையில் ஆடுகிறாரே, அது மடிப்பெல்லாம் முன்கூட்டியே தைத்து ஜிப் வைத்த புடவை. நழுவுமோ என்ற பயமில்லாமல் ஆடலாம். இன்றைக்கு நாங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தைக்கிற ரெடிமேட் புடவைகளில் இருப்பதும் அதே யோசனைதான். கடைசிக் காலத்தில், 2012இல், ஆஸ்கர் சிலையைப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அகாடமியிடமே திருப்பிக் கொடுத்தார். 2020இல் காலமானார்.

நம் பக்கத்தில் இன்னொருவரையும் தெரிந்துகொள்ளுங்கள், பி. கிருஷ்ணமூர்த்தி. கலை இயக்கம், உடை இரண்டும் செய்தவர். 1989இல் வந்த ‘ஒரு வடக்கன் வீரகாதா’ மலையாளப் படத்துக்காக இரண்டுக்குமே தேசிய விருது வாங்கினார். அரண்மனையின் சுவரையும் அதன் முன்னால் நிற்கிறவரின் துணியையும் ஒரே ஆள் யோசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

எனக்கு வரையவே வராது. உடை வடிவமைப்பாளர் ஆக முடியுமா?

முடியும். ஈடித் ஹெட்டைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டாம். எட்டு ஆஸ்கர், முப்பத்தைந்து பரிந்துரைகள். அவர் முதலில் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த டீச்சர். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெண்கள் இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவார்கள். பாரமவுண்டில் வேலைக்குப் போனபோது கூடப் படித்தவர்களின் வரைபடங்களையும் தன்னுடையது என்று காட்டித்தான் உள்ளே நுழைந்தார், அதைப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். ஆனால் உள்ளே போன பிறகு வரையவும் கற்றார், நடிகைகளின் மனசைப் படிக்கவும் கற்றார், அதுதான் அவரை நிறுத்தியது. இந்த வேலையில் பாதி, கண்ணாடி முன்னால் நிற்கிற ஒருவருக்குத் தன் உடல் மேல் இருக்கிற கூச்சத்தைப் போக்குவது.

வரைவதைவிட முதலில் துணியைக் கையில் எடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். எது விழுகிறது, எது நிற்கிறது, எது சுருங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் பென்சில் பின்னாலேயே வரும்.

துணி எங்கே வாங்குவது?

கற்றுக்கொள்கிற காலத்தில் விலை உயர்ந்த துணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் குறைந்த விலைக்குத் துணி தேடலாம், கடலூர்க்காரர்களுக்கு திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு இருக்கிறது. கைத்தறி வேண்டுமென்றால் குறிஞ்சிப்பாடி. கைலிக்குப் பேர்போன ஊர், அந்தக் கட்டம் போட்ட துணியை நாடக உடைக்கு எத்தனையோ விதமாகப் பயன்படுத்தலாம்.

இந்த ஊரே துணியால் வாழ்ந்த ஊர். புதுச்சேரியில் சாயமேற்றிய நீலத்துணி ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். நூல் எண், பாவு, ஊடை, கஞ்சி பற்றி அவர்கள் சொல்வதற்கு ஈடாக எந்தப் படிப்பும் இல்லை, அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாட்டியின் பட்டுப்புடவையை வெட்டி பழைய பட ஸ்டைலில் கவுன் தைக்கலாமா?

புடவை நன்றாக இருந்தால் வெட்டாதீர்கள், நானும் வெட்டித் தரமாட்டேன். மடிப்பில் விரிசல் விட்டு, கட்டினால் கிழியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது என்றால் முந்தானையையும் கரையையும் எடுத்து ஜாக்கெட்டோ பாவாடைக் கரையோ ஆக்கலாம், உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம். அசல் ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளியும் அதன் மேல் தங்க முலாமும் இருக்கும், பழைய பட்டு வாங்குகிறோம் என்று வருகிறவர்கள் அதை எரித்து வெள்ளியை எடுக்கத்தான் வாங்குகிறார்கள். அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கடற்காற்றில் ஜரிகை கறுக்கிறது, சம்கி உதிர்கிறது. என்ன செய்வது?

பிளாஸ்டிக் கவரிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கறுக்கிறது. பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், பூச்சி உருண்டை ஜரிகையில் படக் கூடாது, வசம்பு ஒரு துணியில் முடிந்து வைத்தால் போதும். கட்டிக்கொண்டு சென்ட் அடிப்பதை நிறுத்துங்கள். மேடையில் வியர்த்த உடையை அன்றைக்கே நிழலில் காற்றாட விடுங்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

சம்கியைத் திருப்பிப் போட்டு, மிதமான சூட்டில், மேலே ஒரு துணி விரித்து இஸ்திரி போட வேண்டும். இப்போதைய சம்கி பிளாஸ்டிக், சூட்டில் சுருண்டுவிடும். 1930களின் சம்கி ஜெலட்டினில் செய்தது, தண்ணீர் பட்டாலே இளகும். நான் மேலே சொன்ன மாணிக்கக் காலணிகளிலும் அந்த ஜெலட்டின் சம்கிதான்.

அந்த உடைகளெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன?

ஹாலிவுட்டில் பல தப்பித்திருக்கின்றன, ஏலத்துக்கு வருகின்றன. அந்த மாணிக்கக் காலணி ஜோடிகளில் ஒன்று அருங்காட்சியகத்திலிருந்து 2005இல் திருடுபோய், 2018இல் மீட்கப்பட்டு, 2024 டிசம்பரில் கட்டணம் சேர்க்காமலே 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு விலைபோனது. ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்’ படத்துக்காக ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஜிவான்ஷி வடிவமைத்த கறுப்பு உடைகளில் ஒன்று 2006இல் 4,67,200 பவுண்டுக்குப் போனது, அந்தப் பணம் கொல்கத்தா ஏழைகளுக்கான அறப்பணிக்கு வந்தது.

நம் பக்கத்தில் பெரும்பாலும் காணோம். ஒரு படம் முடிந்ததும் அதே பாவாடையைப் பிரித்து அடுத்த படத்துக் குழு நடனத்துக்குத் தைப்பது வழக்கம். சாவித்திரியின் வாழ்க்கையை 2018இல் ‘மகாநடி’ என்று எடுத்தபோது அந்தக் கால உடைகளைப் படங்களைப் பார்த்துத் திரும்பவும் உருவாக்க வேண்டியிருந்தது. இந்திராக்ஷி பட்நாயக், கௌரங் ஷா, அர்ச்சனா ராவ் மூவருக்கும் அதற்குத் தேசிய விருது கிடைத்தது. உங்கள் வீட்டில் 1950, 60களின் ஜாக்கெட் ஒன்று இருந்தால், நைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதன் தையலிலேயே எல்லாப் பாடமும் இருக்கிறது.

புதுச்சேரியில் எப்போதும் ஷூட்டிங் நடக்கிறதே, வேலை கிடைக்குமா?

நடக்கிறது. ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’யில் வருகிற மிருகக்காட்சிசாலை நம் தாவரவியல் பூங்காதான், 1970களின் புதுச்சேரிக்கு உடை செய்தவர் அர்ஜுன் பாசின். ஆனால் ஷூட்டிங் குழு பெரும்பாலும் உடைப்பிரிவை சென்னையிலிருந்தே அழைத்து வந்துவிடும். சினிமாவுக்குள் நிரந்தரமாக வேலை செய்ய சங்க அட்டை தேவைப்படும். இங்கிருந்தே கிடைக்கக்கூடியது அவசர வேலை: ராத்திரி பத்து மணிக்கு ஜாக்கெட்டின் பக்கம் பிரிக்கணும், துணை நடிகர்களின் சட்டையைப் பழசாக்கணும் என்று வரும். பழசாக்குவது தெரிந்து வைத்திருங்கள். டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் நனைப்பது, காலரிலும் முழங்கையிலும் உப்புத்தாள் தேய்ப்பது, பையில் கல் போட்டுத் தொங்கவிடுவது. அத்தோடு ஒவ்வொரு காட்சிக்கும் போன் படம் எடுத்து எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்பது வரை குறித்து வைக்கிறவருக்குத்தான் மறுபடி அழைப்பு வரும்.

படிக்க விரும்பினால் சென்னையில் நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. நாடகம் வழியாக வர ஆசைப்பட்டால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது, நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்று வளர்த்த துறை அது.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா? வீட்டில் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

வீட்டில் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வராது. ஆடியில் கை காயும். மார்கழியிலிருந்து மாசி வரை மூச்சுவிட நேரமிருக்காது. பள்ளி ஆண்டு விழா, சலங்கை பூஜை, சிதம்பரம் நாட்டியாஞ்சலி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். தீபாவளி ஜாக்கெட் கூட்டம் வாடகையைக் கட்டும். அதனால் அழகான வேலை மட்டும்தான் செய்வேன் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஃபால்ஸ் அடிக்கிறேன், சுடிதார் பக்கம் பிடிக்கிறேன், பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நூறு சீருடை தைத்த கைக்கு நேர்த்தையல் தவறாது.

ஆனால் தினமும் கொஞ்ச நேரம் யாருக்காகவும் இல்லாமல், காசு வராத ஒன்றைச் செய்யுங்கள். ஒரு பழைய படத்தில் பார்த்த கழுத்து வெட்டைக் காகிதத்தில் பிடித்துப் பாருங்கள், மிச்சத்துணியில் ஒரு கை தைத்துப் பாருங்கள், நோட்டில் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தை ஆர்டருக்கு விற்றுவிட்டால் சில வருடங்களில் கை மட்டும் ஓடும், மனசு நின்றுவிடும். நல்ல தையல்காரர்கள் பலர் இப்படிச் சலித்து விலகியதைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

பணத்தில் கறாராக இருங்கள். பாதி முன்பணம் இல்லாமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள். சொந்தக்காரர்களிடமும் கூலி வாங்குங்கள், “நம்ம பொண்ணுதானே” என்று சொல்கிறவர்கள் டாக்டரிடம் அப்படிச் சொல்வதில்லை. அம்மா அப்பாவுக்கு வாயால் விளக்கம் சொல்வதைவிட, நீங்கள் தைத்த உடையில் ஒரு குழந்தை மேடையில் ஆடுவதை நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஆண்கள் உடையைப் பற்றிப் பேசவே மாட்டீர்களா?

கேட்டால் பேசுவேன்! பாகவதரின் பட்டு ஜிப்பாவும் அந்தத் தலைமுடியும் ஊர் ஊராகப் பரவி ‘பாகவதர் கிராப்’ என்றே ஆனது. ராஜா வேடத்தின் வெல்வெட் அங்கிகள் தனி வேலை. வெல்வெட்டின் மயிர் ஒரே திசையில் விழும்படி எல்லாத் துண்டுகளையும் வெட்ட வேண்டும், ஒன்று மாறினாலும் விளக்கில் அந்தத் துண்டு மட்டும் வேறு நிறமாகத் தெரியும். உள்பக்கம் கேன்வாஸ், அதற்கும் உள்ளே வியர்வைக்குப் பருத்தி. பையன்கள் இதைக் கற்றுக்கொள்ள வந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம், கூத்து உடை செய்யவும் இளம் ஆட்கள் வேண்டும்.

போனில் ஒரு பழைய பட ஸ்டில் காட்டினால் அப்படியே தைத்துத் தருவீர்களா?

அப்படியே தைத்தால் உங்களுக்குப் பொருந்தாது, அது அந்த நடிகையின் தோளுக்கும் அந்த விளக்குக்கும் தைத்தது. படத்தில் உங்களுக்கு எது பிடித்தது என்று சொல்லுங்கள், கழுத்தா, கையா, இடுப்பு மடிப்பா, அதை உங்கள் உடலுக்கு மாற்றித் தருகிறேன். எங்கே போடப்போகிறீர்கள், பகலா ராத்திரியா, மேடையா மண்டபமா என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஸ்டில் போதாது, முதுகுப்பக்கம் தெரிகிற காட்சி ஒன்றையும் தேடி எடுத்து வாருங்கள், அந்தப் பாட்டைப் போட்டு ஆடும்போது துணி எப்படிப் போகிறது என்று சேர்ந்தே பார்ப்போம். சரியாகப் பொருந்துகிற அளவு ஜாக்கெட் ஒன்று, துணி அரை மீட்டர் கூடுதலாக, சலங்கை பூஜைக்கு என்றால் ஒரு மாதம் முன்னதாகவே கொண்டு வாருங்கள்.